தேர் போன பிறகு ரோடு யாருடையது?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க.

நம்ம தொண்டர்கள் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு வாக்குவாதம். தைப்பூசத்துக்கு ரோட்டோர விளக்குக் கம்பத்தில் வேல் படமும் ஓம் படமும் கட்டலாமா என்று ஒரு தம்பி கேட்டார். அவ்வளவுதான். "நாமும் இந்த நாட்டுக்காரங்கதானே, யாரைக் கேக்கணும், கட்டுங்க" என்று பாதிப் பேர். "ஏன் வம்பு, எல்லாத்தையும் கோவில் வாசலோட நிறுத்திக்குவோம்" என்று மீதிப் பேர். ராத்திரி ஒரு மணி வரைக்கும் போச்சு. ரெண்டு பக்கமும் கோபம் நிறைய இருந்தது. ஆனா இந்த ஊரில் நம்ம பெரியவங்க இதை எப்படி நடத்தினாங்க என்று ஒருத்தரும் கேக்கலை. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் நம்ம டவுனைப் பாருங்க. பழைய பிட் ஸ்ட்ரீட், இப்போ ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங். ஒரு முனையில் 1818-ல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். கொஞ்ச தூரம் நடந்தால் சீனர்களின் குவான் யின் கோவில். அப்புறம் நம்ம ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயம், வாசல் குவீன் ஸ்ட்ரீட்டில், பின்பக்கம் பிட் ஸ்ட்ரீட்டில். இன்னும் கொஞ்சம் போனால் 1801-ல் எழுந்த கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். மாரியம்மன் ஆலயம் 1833-ல் கோவிலாக எழுந்தது. நாம இன்னிக்கு அண்ணாந்து பார்க்கிற ராஜகோபுரம் 1933-ல் வந்தது. சிலுவை, பிறை, கோபுரம், டிராகன் எல்லாம் ஒரே தெருவைப் பார்த்து நிக்குது. இருநூறு வருஷமா நிக்குது. 2008-ல் யுனெஸ்கோ ஜார்ஜ்டவுனை உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்ததற்கு இந்தத் தெருவும் ஒரு காரணம்.

ஆனா ஒண்ணு கவனிங்க. இவை எல்லாமே அவரவர் நிலத்தில் நிக்குது. நம்ம முன்னோர்கள் கோபுரத்தை ரோட்டுக்குத் தெரியிற மாதிரி கட்டினாங்க. ரோட்டில் கட்டலை.

அப்போ ரோட்டில் சாமி வந்ததே இல்லையா? வந்தது. அது எப்பவும் அமைதியாகவும் நடக்கலை. 1867 ஆகஸ்ட் மாதம் இந்த டவுனில் பத்து நாள் கலவரம் நடந்தது. சீனர்களின் கீ ஹின் சங்கமும் தோ பெ கோங் சங்கமும் ஒரு பக்கம் மோதிக்கொண்டன. அவங்களோடு வெள்ளைக் கொடி, சிவப்புக் கொடி என்ற இரண்டு முஸ்லிம் கூட்டங்கள் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்தன. இந்தக் கொடிகள் முஹர்ரம் ஊர்வலத்தில் போட்டி போட்டு வந்த கொடிகள்தான். சாமி கும்பிட எடுத்த கொடி, யார் பெரியவன் என்று காட்டுகிற கொடியாக மாறிப்போச்சு. லெபோ கெனன் தெருவுக்கு அந்தப் பெயர் வந்ததே அப்போ சுட்ட பீரங்கியால்தான் என்று ஊரில் சொல்வாங்க. பிறகு விசாரணை நடந்தது, 1869-ல் சங்கங்களை அடக்கும் சட்டம் வந்தது. கூட்டம் கூடுவது, ஊர்வலம் போவது எல்லாம் அரசாங்கம் உற்றுப் பார்க்கிற விஷயமாச்சு.

அந்தக் கலவரம் முடிந்து முப்பது வருஷம்கூட ஆகலை. 1894-ல் நகரத்தார் வெள்ளி ரதத்தைக் கொண்டு வந்தாங்க. பினாங்கு ஸ்ட்ரீட் கோவில் வீட்டிலிருந்து வாட்டர்ஃபால் ரோடு நாட்டுக்கோட்டை செட்டியார் கோவில் வரைக்கும் முருகப்பெருமான் வெட்டவெளியில், பொது ரோட்டில், எல்லா இனத்துக்கும் நடுவில் போனார். இன்னிக்கும் போறார். யோசிச்சுப் பாருங்க, இதைவிடப் பெரிய சமயச் சின்னம் பொது இடத்தில் வேற என்ன இருக்கு? ஒருத்தரும் எடுன்னு சொல்லலை. அது மட்டுமா, சீனர்கள் வீட்டு வாசலில் தேங்காயைக் குவிச்சு வெச்சுக்கிட்டு ரதத்துக்காகக் காத்திருக்காங்க. நம்ம ஆளுங்களைவிட அவங்க உடைக்கிற தேங்காய் அதிகம்னு நாமே சிரிச்சுக்குவோம்.

ரதம் நூறு வருஷத்துக்கு மேலே ஓடியதற்கு முதல் காரணம் முருகன் அருள். ரெண்டாவது காரணம், ரதம் வரும், நிற்கும், அர்ச்சனை வாங்கும், போயிடும். எந்த நேரம் எந்த ரோடு மூடணும் என்று போலீசோடு உட்கார்ந்து பேசியிருக்கும். மறுநாள் அந்த ரோடு எல்லாருக்கும் திரும்பக் கிடைக்கும். 2017-ல் அறப்பணி வாரியத்தின் தங்க ரதம் குவீன் ஸ்ட்ரீட் மாரியம்மன் ஆலயத்திலிருந்து வேலைச் சுமந்து புறப்பட்டபோது, ஒரே ஊரில் ரெண்டு ரதமா என்று நம்ம ஆளுங்களுக்குள்ளேயே எவ்வளவு மனவருத்தம்! அதுவும் நேரம் பிரிச்சுப் பேசித்தான் நடந்தது. ரெண்டு ரதமும் மலையடிவாரம் போய்ச் சேர்ந்தன.

தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி கோவிலுக்கே ஒரு இடம் மாறிய கதை உண்டு. ஆரம்பத்தில் சன்னதி அருவிப் பக்கம்தான் இருந்தது. டவுனுக்குக் குடிதண்ணீர் எடுக்கிற இடமாக அது ஆனதும், வெள்ளைக்காரன் காலத்திலேயே கோவில் அங்கிருந்து மாற வேண்டி வந்தது. நம்ம பெரியவங்களுக்கு அப்போ மனசு வலிக்காமலா இருந்திருக்கும்? ஆனா மாற்று இடத்தைக் கேட்டு வாங்கி, அதைக் கோவில் நிலமாக்கி வெச்சாங்க. அதனால்தான் 2012-ல் மலை உச்சியில் புதுக் கோவிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. 513 படி ஏறி நாம இன்னிக்கு தரிசனம் பண்றோம்.

எல்லா இடத்திலும் இப்படி நல்லபடியா முடியலை. 2007 அக்டோபர் கடைசியில், தீபாவளிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, ஷா ஆலம் ரிம்பா ஜெயாவில் மாரியம்மன் கோவில் இடிக்கப்பட்டது. அடுத்த மாதம் 25-ஆம் தேதி கோலாலம்பூரில் ஹிண்ட்ராப் பேரணி. 2009-ல் ஷா ஆலமில் கோவில் இடமாற்றத்தை எதிர்த்து மாட்டுத் தலையோடு ஊர்வலம். 2018 நவம்பரில் சீஃபீல்டு கோவில் கலவரம், அதில் காயப்பட்ட அடிப் என்ற இளம் தீயணைப்பு வீரர் பிறகு இறந்துபோனார். அவரும் ஒரு தாயின் பிள்ளை. 2025-ல் மஸ்ஜித் இந்தியா தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் ஆலயம். நூறு வருஷத்துக்கு மேலான வழிபாடு, ஆனா நிலம் 2014-லேயே வேற ஒருத்தருக்கு விற்கப்பட்டிருந்தது. நம்ம பிரச்சினை மட்டும் இல்லை. 2015-ல் பெட்டாலிங் ஜெயா தாமான் மேடானில் கடைவீட்டு தேவாலயத்தின் முகப்பில் மாட்டிய சிலுவையைச் சிலர் எதிர்த்தார்கள், அவங்க அன்றைக்கே இறக்கிட்டாங்க.

சட்டம் என்ன சொல்லுது? கூட்டரசு அரசியலமைப்பின் 11-ஆவது பிரிவு, தன் சமயத்தை ஏற்கவும் கடைப்பிடிக்கவும் ஒவ்வொருவருக்கும் உரிமை தருது. கோவில் கட்டி நடத்தவும், சமயத்தின் பெயரில் சொத்து வைத்துக்கொள்ளவும் உரிமை உண்டு. அதே பிரிவின் கடைசியில், பொது ஒழுங்கு, பொதுச் சுகாதாரம், ஒழுக்கம் பற்றிய சட்டங்களை மீறக் கூடாது என்றும் இருக்கு. குழுவில் சண்டை போட்ட ரெண்டு பக்கமும் ஆளுக்குப் பாதியைத்தான் படிச்சிருக்காங்க.

இப்போ நம்ம சொந்தக் கதை. சொல்ல வெக்கமாத்தான் இருக்கு, ஆனா சொல்லணும். நம்ம பகுதியில் ஒரு வேப்பமரம் இருந்தது. அடியில் ஒரு சூலம், ஒரு கல், மேலே தகரக் கூரை. எங்க தாத்தா காலத்து வழிபாடு. வேலைக்குப் போற வழியில் சைக்கிளை நிறுத்திக் கும்பிட்டுப் போவாங்க. பிறகு சிமெண்ட் தரை போட்டோம். டைல்ஸ் ஒட்டினோம். வருஷா வருஷம் கூழ் ஊத்தினோம். ரோடு அகலப்படுத்த நோட்டீஸ் வந்தபோது, எல்லாரும் ஓடி வந்து பத்திரத்தைத் தேடினோம். கோவில் சாமான் இருந்த பழைய மைலோ டின்னைத் திறந்தோம். உள்ளே உபயதாரர் ரசீது, திருவிழா படம், கரண்ட் பில். கிராண்ட் இல்லை. அனுமதிக் கடிதம் இல்லை. நாற்பது வருஷத்தில் ஒருத்தரும் ஒரு கடிதம் எழுதிக் கேக்கலை. டைல்ஸ் வாங்க நன்கொடை திரட்டிய நமக்கு, நிலத்தைக் கேட்டு ஒரு மனு போடத் தோணலை.

அம்மனை முறைப்படி பாலாலயம் செய்து எடுத்து வந்து நம்ம கோவில் மூலையில் வெச்சோம். அன்னிக்கு ஒரு பாட்டி அந்த மரத்தைப் பிடிச்சுக்கிட்டு அழுததை நாங்க யாரும் மறக்கலை. "நீங்கல்லாம் படிச்ச பிள்ளைங்கதானேப்பா, முன்னாடியே கேட்டிருக்கக் கூடாதா?" என்று மட்டும் கேட்டாங்க. பதில் சொல்ல முடியலை.

அதனால் தம்பிகளுக்குச் சொல்றோம். உரிமை இல்லை என்று நாங்க சொல்ல வரலை. வெள்ளி ரதம் ஓடிய ஊரில் அப்படிச் சொன்னால் அது பொய். ஆனா நம்ம நிலத்தில் இருப்பது ஒண்ணு, ரோட்டில் வந்து போவது ஒண்ணு, ரோட்டிலேயே தங்கிவிடுவது வேற ஒண்ணு. முதலாவதற்குக் கிராண்ட் வேணும். ரெண்டாவதற்குப் பெர்மிட் வேணும். மூன்றாவதைப் பக்தி மட்டும் ரொம்ப நாள் காப்பாத்தாது.

விளக்குக் கம்பத்தில் படம் கட்டணுமா? மாநகர் மன்றத்தில் மனு போடுவோம். கிடைத்தால் அழகாகக் கட்டுவோம், சொன்ன தேதியில் நாமே இறக்குவோம். சாமி படம் மழையில் கிழிஞ்சு சாக்கடையில் கிடப்பதைவிட அவமரியாதை எதுவும் இல்லை. கிடைக்கலைன்னா பந்தலுக்குள்ளே கட்டுவோம். தேங்காய் ஓடுகளையும் அப்படித்தான். ரதம் நகர்ந்த பின்னாடி ரோட்டைக் கூட்டுகிற தொண்டும் முருகன் தொண்டுதான். காலையில் அந்த ரோட்டில் வேலைக்குப் போற மலாய்க்காரர், சீனர், நம்மவர் யாருடைய டயரும் பஞ்சராகக் கூடாது.

இன்னொரு வேண்டுகோள். உங்க வட்டாரத்தில் மரத்தடி, ரோட்டோரம், தொழிற்சாலை வேலி ஓரம் என்று சின்னக் கோவில் இருந்தால், இந்த மாதமே அதன் டின்னைத் திறந்து பாருங்க. நிலம் யார் பேரில் இருக்கு என்று நில அலுவலகத்தில் விசாரிங்க. அறப்பணி வாரியத்திடம் பேசுங்க. நோட்டீஸ் வருவதற்கு முன்னாடி கேட்டால் அது மனு. வந்த பிறகு கேட்டால் அது போராட்டம்.

வர ஞாயிறு காலை பூசைக்குப் பிறகு கோவில் மண்டபத்தில் இதைப் பற்றிப் பேசுவோம். குழுவில் சண்டை போட்ட ரெண்டு பக்கமும் கண்டிப்பா வரணும். தேத்தண்ணி உண்டு.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா! 🙏