புதையல் காட்டுபவர்கள்: அற்புத விளக்கின் பின்னால் இருந்த ஒரு பழைய தொழில்

மண்ணுக்குள் செல்வம் கிடக்கிறது, அதை வெளியே கொண்டுவர ஒரு மந்திரப் பொருள் உண்டு, அந்தப் பொருளை இயக்கத் தெரிந்தவன் நான் மட்டுமே என்று சொல்லிப் பணம் பறிப்பது எகிப்திலும் சிரியாவிலும் பல நூற்றாண்டுகள் ஒரு தொழிலாகவே நடந்தது. அதற்குப் பயிற்சி இருந்தது, குழூஉக்குறி இருந்தது, ஆள் பிடிக்கும் முறை இருந்தது. அலாவுதீன் கதை இந்த உலகத்தின் வாசனையோடு பிறந்தது. பூதம் வருவதற்கு வெகு முன்பே அந்தக் கதையில் ஒரு மோசடி நடந்து முடிந்துவிடுகிறது. அதுவும் உறவுமுறை சொல்லி நடக்கும் மோசடி.

இடைக்கால அரபு உலகில் பிச்சைக்காரர்கள், போலி மருத்துவர்கள், வித்தைக்காரர்கள், எத்தர்கள் ஆகியோரை ஒட்டுமொத்தமாக ‘பனூ சாசான்’, அதாவது சாசானின் மக்கள் என்று அழைத்தார்கள். 10-ஆம் நூற்றாண்டில் அபூ துலஃப் என்ற கவிஞர் அவர்களுடைய தந்திரங்களையும் சொற்களையும் வைத்தே ஒரு நீண்ட கவிதை எழுதினார். அவர்களைப் பற்றிய மிக விரிவான நூல் 13-ஆம் நூற்றாண்டில் வந்தது. டமாஸ்கஸை ஒட்டிய ஜவ்பர் என்ற ஊரைச் சேர்ந்த அல்-ஜவ்பரி அதை எழுதினார். ஹிஸ்ன் கைஃபாவை ஆண்ட அர்துகிய மன்னர் கேட்டுக்கொண்டதால் எழுதப்பட்ட அந்த நூலில் 30 அத்தியாயங்கள். போலித் தீர்க்கதரிசிகள், பொன் செய்பவர்கள், புதையல் தேடுபவர்கள், ஜின்களை வரவழைப்பதாகச் சொல்பவர்கள் என்று ஒவ்வொரு கூட்டத்தின் தந்திரத்தையும் அது பிரித்துக் காட்டுகிறது. இந்தத் தந்திரங்களில் சிலவற்றைக் கையாண்டவர்களோடு பழகாத ஒருவரால் இவ்வளவு நுணுக்கமாக எழுதியிருக்க முடியாது.

அல்-ஜவ்பரி சொல்லும் கதைகளில் ஒன்று இந்தத் தொழிலின் முழு இலக்கணத்தையும் காட்டிவிடுகிறது. நூருத்தீன் ஸங்கி டமாஸ்கஸை ஆண்ட காலம், அதாவது 1154-க்கும் 1174-க்கும் இடையில், ஒரு பாரசீகன் அந்த நகருக்கு வந்தான். கையில் இருந்த 1000 தங்கக் காசுகளை அரத்தால் ராவித் தூளாக்கினான். அதோடு கரித்தூளையும் சில மருந்துச் சரக்குகளையும் சேர்த்துப் பிசைந்து, உருண்டை பிடித்துக் காயவைத்தான். பிறகு துறவி வேடத்தில் ஒரு மருந்துக் கடைக்குப் போய், இது ‘தபர்மக்’, நல்ல சரக்கு என்று சொல்லி, உருண்டைகள் எல்லாவற்றையும் அற்ப விலைக்கு விற்றுவிட்டு வந்தான். ஒரு சுல்தானின் அரண்மனைக்குள் நுழைவதற்காக 1000 பொற்காசுகளை முதலாகப் போட்டவன் அவன்.

அடுத்த கட்டத்தில் உடை மாறியது. பட்டும் பணியாளுமாக ஊர்ப் பெரியவர்களோடு பழகி, தனக்குப் பொன் செய்யத் தெரியும் என்ற பேச்சைக் கசியவிட்டான். பேச்சு அமைச்சர் காதுக்குப் போனது, அங்கிருந்து சுல்தானிடம் போனது. சுல்தான் அழைத்தபோது அவன் பணம் எதுவும் கேட்கவில்லை. சரக்குகளின் பட்டியலை மட்டும் கொடுத்தான். அதில் தபர்மக்கும் இருந்தது. மற்றவை எல்லாம் உடனே கிடைத்தன, தபர்மக் மட்டும் எந்தக் கடையிலும் இல்லை. அரண்மனை ஆட்கள் தேடித் தேடி, கடைசியில் அந்த ஒரு கடையில் கண்டுபிடித்தார்கள். உருண்டைகளை மூசையிலிட்டு ஊதினார்கள். கரியும் சரக்கும் எரிந்து போக, சொக்கத் தங்கம் அடியில் நின்றது. உரைத்துப் பார்த்தவர்கள் குறை சொல்ல இடமில்லை. இன்னும் வேண்டும் என்றார் சுல்தான். தபர்மக் தீர்ந்துவிட்டது, குராசானில் ஒரு குகை நிறைய இருக்கிறது என்றான் அவன். விலையுயர்ந்த சரக்குகளோடு ஒட்டகங்களை ஏற்றி, வழியெங்கும் உதவச் சொல்லிக் கடிதமும் கொடுத்து, சுல்தானே அவனை அனுப்பிவைத்தார். அவன் திரும்பி வரவில்லை. அந்த ஊரில் ஒருவர் முட்டாள்களின் பட்டியல் ஒன்று எழுதிக்கொண்டிருந்தாராம். முதல் பெயர் சுல்தானுடையது. அழைத்துக் கேட்டபோது, அவன் திரும்பி வந்தால் உங்கள் பெயரை அடித்துவிட்டு அவன் பெயரை எழுதிக்கொள்கிறேன் என்றாராம்.

இது வரலாறா, நகர மக்கள் வழங்கிய கதையா என்பதைவிட, அதில் உள்ள ஒழுங்கு முக்கியமானது. ஏமாற்றுபவன் தன் பணத்தை முதலில் இழக்கிறான். சோதனையை ஏமாறுபவரின் ஆட்களே செய்கிறார்கள், பொருளையும் அவர்களே தேடிக் கண்டுபிடிக்கிறார்கள். ஆகவே சந்தேகம் எழும்போது அது தங்கள் கண்ணையே சந்தேகிப்பதாக ஆகிவிடுகிறது. பணத்தைக் கேட்பது அவன் அல்ல. கொடுக்கத் துடிப்பது மற்றவரின் ஆசை.

புதையல் தேடும் தொழில் எகிப்தில் எவ்வளவு பரவியிருந்தது என்பதற்கு இப்னு கல்தூன் சாட்சி. துனிஸில் 1332-இல் பிறந்த இவர் 1377-இல் எழுதிய ‘முகத்திமா’வில், புதையல் தேடுவது இயல்பான பிழைப்பு ஆகாது என்று ஒரு தனிப் பகுதியே எழுதினார். ஓரம் கிழிந்த பழைய தாள்களை, புரியாத எழுத்துகளோடு, செல்வந்தர்களிடம் காட்டிப் பிழைப்பவர்களை அவர் விவரிக்கிறார். தோண்டும் செலவுக்கும் அதிகாரிகளிடமிருந்து பாதுகாப்புக்கும் செல்வந்தரின் பெயர் வேண்டும் என்பார்கள். சிலர் தாங்களே குறிகளை முன்கூட்டிப் புதைத்துவைத்துத் தோண்டிக் காட்டினார்கள். எகிப்தில் புதையல் தேடுவோர் மீது வரியே போடப்பட்டது என்கிறார் அவர். அவருடைய வாதம் எளியது, இன்றும் அசைக்க முடியாதது: மந்திரக் கட்டுப் போட்டுச் செல்வத்தை மறைப்பவன், யார் வேண்டுமானாலும் படித்து எடுத்துக்கொள்ள ஏன் குறிப்பு எழுதிவைக்க வேண்டும்? உண்மையான காரணத்தையும் அவரே சொல்கிறார். வருமானத்துக்கு மீறிய ஆடம்பரம் பழகிப்போனவர்கள், உழைத்துச் சம்பாதிப்பதால் அது கட்டுப்படியாகாது என்று கண்டதும், ஒரே நாளில் கிடைக்கும் பணத்தைத் தேடத் தொடங்குகிறார்கள்.

மக்ரிபிலிருந்து, அதாவது மொராக்கோ, அல்ஜீரியா, துனிசியா பக்கமிருந்து வருபவர்களுக்குப் புதையல் வித்தை தெரியும் என்ற நம்பிக்கை எகிப்தில் வேரூன்றியிருந்தது. அலாவுதீனைத் தேடி வரும் மந்திரவாதி மக்ரிபி ஆனது தற்செயல் அல்ல. கதை சீனாவில் நடப்பதாகச் சொல்லப்பட்டாலும், ஆட்களும் பழக்கங்களும் அரபு நகரத்தைச் சேர்ந்தவை. ‘ஆயிரத்தொரு இரவுகள்’ நூலின் பழைய அரபுக் கையெழுத்துப் பிரதியில் இந்தக் கதையே இல்லை. அலெப்போவைச் சேர்ந்த மரோனைட் கிறிஸ்தவ இளைஞரான ஹன்னா தியாப் 1709 மே மாதம் பாரிஸில் இதைச் சொல்ல, பிரெஞ்சு மொழிபெயர்ப்பாளர் அந்துவான் கலாந்து குறித்துக்கொண்டார். 1712-இல் அது அச்சில் வந்தது.

தியாபைப் பாரிஸுக்கு அழைத்துப் போனவர் பால் லூக்கா, பதினான்காம் லூயி மன்னருக்காகப் பழைய காசுகளையும் மணிகளையும் சேகரித்த பயணி. தியாப் முதுமையில் எழுதிய தன்வரலாறு வத்திக்கான் நூலகத்தில் கிடந்து, நம் காலத்தில்தான் அச்சேறியது. சிரியாவில் ஓரிடத்தில் லூக்கா ஒரு ஆட்டிடையனுக்குப் பணம் கொடுத்துப் பழைய கல்லறை ஒன்றுக்குள் இறக்கிவிட்டதையும், அவன் ஒரு மோதிரத்தையும் ஒரு விளக்கையும் எடுத்து வந்ததையும் தியாப் அதில் எழுதியிருக்கிறார். அலாவுதீன் குகைக்குள் இறங்கும்போது அவன் விரலில் இருப்பது மோதிரம், எடுத்து வரப் போவது விளக்கு.

கதையில் அந்த மந்திரவாதி தெருவில் விளையாடும் சிறுவனைப் பார்க்கிறான். முதலில் அக்கம்பக்கத்தில் விசாரித்து, அவன் தகப்பன் தையற்காரர் முஸ்தபா என்பதையும், அவர் இறந்துவிட்டார் என்பதையும் தெரிந்துகொள்கிறான். பிறகுதான் கட்டிக்கொண்டு அழுகிறான்: நான் உன் சித்தப்பா, அண்ணன் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையே என்று. கையில் காசு கொடுக்கிறான், புதுத் துணி வாங்கித் தருகிறான், கடை வைத்துத் தருவதாகச் சொல்கிறான். கணவனுக்கு அப்படி ஒரு தம்பி இருப்பதாகத் தெரியாத தாய்கூட இவ்வளவையும் பார்த்துச் சும்மா இருந்துவிடுகிறாள். விசாரணை, கண்ணீர், சிறு லாபம், பெரிய வாக்குறுதி என்ற இந்த வரிசையைத் தியாப் கற்பனையில் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. அலெப்போ சந்தையில் வளர்ந்தவருக்கு அது தெரிந்த சங்கதி.

மக்ரிபி மந்திரவாதிகளின் பிழைப்பு 19-ஆம் நூற்றாண்டிலும் நின்றுவிடவில்லை. எட்வர்டு லேன் 1836-இல் வெளியிட்ட எகிப்தியரைப் பற்றிய நூலில், கெய்ரோவில் ஒரு மக்ரிபி, சிறுவனின் உள்ளங்கையில் மையை ஊற்றி, அதில் தெரிவதைச் சொல்லச் சொன்னதை நேரில் பார்த்து எழுதியிருக்கிறார். களவு போனதையும் புதையல் இருக்குமிடத்தையும் அறிய மை போட்டுப் பார்க்கும் பழக்கம் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கும் அந்நியமானதல்ல.

அற்புத விளக்கே விற்பனைக்கு வந்தது 2020-இல், உத்தரப் பிரதேசத்தின் மீரட்டில். ஒரு மருத்துவர், நோயுற்ற பெண் ஒருவருக்குச் சிகிச்சை அளிக்க ஒரு வீட்டுக்குப் பலமுறை போய்வந்தார். அந்த வீட்டு ஆட்கள் தங்கள் தாய் என்று காட்டிய அந்தப் பெண்ணின் நோயிலிருந்து பேச்சு மெல்ல ஒரு சாமியாரின் சக்திக்கு நகர்ந்தது. பிறகு விளக்கு வந்தது, அதிலிருந்து ‘பூதமும்’ வந்தது. ஒன்றரைக் கோடி ரூபாய் விலை சொல்லி, 31 லட்சம் ரூபாயை முன்பணமாக வாங்கினார்கள். விளக்கை வீட்டுக்கு எடுத்துப் போனால் தீங்கு நேரும் என்று தடுத்தார்கள். பூதமாக வந்தது அந்தக் கும்பலின் ஆள்தான் என்று புரிந்த பிறகு மருத்துவர் போலீசுக்குப் போனார். இருவர் கைதானார்கள். படித்தவர் எப்படி ஏமாந்தார் என்று பலர் சிரித்தார்கள். மூசையில் சொக்கத் தங்கத்தைப் பார்த்த சுல்தானின் ஆட்களை நினைத்துப் பார்த்தால், அந்தச் சிரிப்பு நியாயமற்றது.

தமிழ்நாட்டில் விளக்கின் இடத்தைக் கோபுரக் கலசம் பிடித்துக்கொண்டது. இடி விழுந்த பழைய செப்புக் கலசத்தில் இரிடியம் இருக்கிறது, அது அரிசியை இழுக்கும், வெளிநாட்டு விண்வெளி நிறுவனம் பல கோடி கொடுத்து வாங்கும் என்பது கதை. ‘ரைஸ் புல்லிங்’ என்று அதற்குப் பெயர். இரிடியம் 1803-இல் கண்டறியப்பட்ட தனிமம். அரிசியை அது ஈர்க்காது, இடி விழுவதால் செம்பு இரிடியமாகவும் மாறாது. செய்து காட்டும்போது பாத்திரத்தில் காந்தத்தையும் அரிசியில் இரும்புத்தூளையும் ஒளித்துவைப்பார்கள். கதிர்வீச்சு ஆபத்து என்று சொல்லிக் கவச உடை அணிந்த ‘விஞ்ஞானி’யை வரவழைத்து, பரிசோதனைக் கட்டணம் என்று பணம் கறப்பார்கள். 2018-இல் தில்லி போலீஸ் கைது செய்த தந்தையும் மகனும் ஒரு வணிகரிடம் 1.43 கோடி ரூபாய் வாங்கியது இந்த முறையில்தான். கலசத்தை நம்பியவர்கள் கோயில் கோபுரங்களில் ஏறித் திருடவும் துணிந்தார்கள். 2014-இல் வந்த ‘சதுரங்க வேட்டை’ படம் இந்த வித்தைகளைத் திரையில் விளக்கமாகக் காட்டியது.

இந்தத் தொழிலுக்குச் சட்டமும் தெரியாமலே துணை போகிறது. 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை உண்டு. ரகசியமாகப் புதையல் எடுக்கவோ, திருட்டுக் கலசம் வாங்கவோ பணம் கொடுத்தவர், காவல் நிலையத்துக்குப் போனால் தன் மீதும் வழக்கு வருமோ என்று அஞ்சுகிறார். அக்கம்பக்கத்தின் ஏளனம் வேறு. பணத்தில் ஒரு பகுதி மைத்துனரிடமோ மாமனாரிடமோ வாங்கியதாக இருந்தால், உண்மையைச் சொல்ல வீட்டிலேயே வாய் வராது. எத்தனை பேர் இப்படி அடங்கிப் போகிறார்கள் என்பதை எந்தப் புகார்ப் பதிவேடும் காட்டுவதில்லை. இப்னு கல்தூன் விவரித்த கும்பல்கள் தேடிய பாதுகாப்பை இன்று ஏமாந்தவரின் மௌனமே கொடுத்துவிடுகிறது.