ஒளிவினையூக்கச் சாயநீக்கம்

சாயக்கழிவு நீரில் குறைகடத்தித் தூளைக் கலந்து, வெயிலோ புறஊதா ஒளியோ படச்செய்து சாய மூலக்கூறுகளைச் சிதைக்கும் முறை. டைட்டானியம் டை ஆக்சைடு, துத்தநாக ஆக்சைடு என்னும் வெள்ளைத் தூள்களே அதிகம் பயன்படுகின்றன. ஒளி பட்டதும் தூளிலுள்ள எலக்ட்ரான் மேல்மட்டத்துக்குத் தாவி, விட்டுப்போன இடத்தில் ‘துளை’ உண்டாகிறது. துளை நீரிலிருந்து ஹைட்ராக்சில் தனியுறுப்பை உருவாக்குகிறது. கரைந்துள்ள ஆக்சிஜன் எலக்ட்ரானை வாங்கிக்கொள்கிறது. இந்தத் தனியுறுப்பு தாக்கும்போது, அசோ சாயத்தின் நிறத்துக்குக் காரணமான நைட்ரஜன் இரட்டைப் பிணைப்பு முதலில் உடையும். நிறம் போனபின்னும் வினை நீடித்தால்தான் எஞ்சிய கரிமத் துண்டுகள் கார்பன் டை ஆக்சைடாகவும் நீராகவும் மாறும். நிறம் போனதையே வெற்றியாக எழுதிய ஆய்வுகள் ஏராளம்.

வரலாறு: 1972இல் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் ‘நேச்சர்’ இதழில் எழுதியதே தொடக்கம் என்பது பாடநூல் வழக்கு. உண்மையான தொடக்கம் 1911. பிரஷ்ய நீலத்துடன் துத்தநாக ஆக்சைடைக் கலந்தால் அந்த நீல நிறமி வெளிச்சத்தில் வெளுப்பதை ஜெர்மானியரான அலெக்சாண்டர் ஐப்னர் அந்த ஆண்டில் பதிவு செய்தார். அன்று இது வண்ணப்பூச்சுக்காரர்களின் தலைவலி. நீரைத் தூய்மையாக்க எவரும் நினைக்கவில்லை. 1931இல் அலகாபாத்தின் நீல் ரத்தன் தாரும் கோபால ராவும், வெயிலில் அம்மோனியா ஆக்சிஜனேற்றம் அடைய டைட்டானியம் டை ஆக்சைடு போன்ற பொருள்கள் துணைசெய்வதைக் காட்டி, மண்ணில் நைட்ரேட் உருவாவதில் ஒளிக்கும் பங்குண்டு என்றனர். மேலைநாட்டு வரலாறுகள் இவர்களை ஓரிரு சொல்லில் கடந்துவிடுகின்றன. 1938இல் லண்டனில் குடீவ், கிச்சனர் இருவரும் டைட்டானியம் டை ஆக்சைடு ஒளியில் சாயத்தை வெளுக்கச் செய்வதை அளந்தார்கள். தூள் மாறாமல் அப்படியே இருந்தது. இத்துறையின் இலக்கணம் அங்கேயே முடிந்துவிட்டது எனலாம். ஃபுஜிஷிமா, ஹோண்டா என்ற அந்த ஜப்பானியரின் நீரைப் பிளக்கும் சோதனை 1973இன் எண்ணெய் நெருக்கடியால் புகழ்பெற்றது. நீர் மாசுக்கு இதைக் கொண்டுவந்தது 1976இல் கனடாவின் கேரி குழு.

தமிழ்நாட்டில் அண்ணா பல்கலைக்கழகமும் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் முன்னின்றன. அண்ணா பல்கலைக்கழகத்தில் சக்திவேல், முருகேசன் ஆகியோர் அடங்கிய குழு 2003இல் ‘ஆசிட் பிரவுன் 14’ என்ற சாயத்தை வெயிலில் சிதைத்து, டைட்டானியம் டை ஆக்சைடைவிடத் துத்தநாக ஆக்சைடே சிறந்தது எனக் கண்டது. ஆனால் அமில நீரில் அது கரைந்துபோகும். டைட்டானியம் டை ஆக்சைடு கரையாது, அதற்கான இல்மனைட் மணலோ மணவாளக்குறிச்சிக் கரையிலேயே கிடைக்கிறது. வெயிலில் ஏறத்தாழ 5 விழுக்காடே புறஊதா என்பதால், அனடேஸ் வகை டைட்டானியம் டை ஆக்சைடுக்குப் பயன்படும் ஒளி சொற்பம்.

இடம்: அமராவதி ஆற்றுக்கு நீர் தரும் கேரள மலையூரான, இடுக்கி மாவட்டத்து வட்டவடையில் சாயப்பட்டறை கிடையாது. அதன் சிலந்தி ஆறு உட்பட மலையோடைகள் கிழக்கே இறங்கி அமராவதியில் சேர்கின்றன. அதே அமராவதி கரூரில் சாயப்பட்டறைகளைத் தாண்டித் திருமுக்கூடலூரில் காவிரியோடு கலக்கிறது. பெரிய சிக்கல் பக்கத்து நொய்யல் ஆற்றில். பாசனத்துக்காக 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை திருப்பூர்ச் சாயக்கழிவின் தேக்கமானது. உழவர்கள் தொடுத்த வழக்கில், விதியை மீறிய சாயப்பட்டறைகளை மூட 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன்பின் துளிக் கழிவுநீரும் வெளியேறாத ‘பூஜ்ஜிய வெளியேற்றம்’ நடைமுறையானது.

இப்போது: திருப்பூரின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் உயிரியல் தொட்டி, ஆர்.ஓ., ஆவியாக்கி ஆகியவற்றையே நம்பியுள்ளன. பருத்திக்குச் சாயமேற்றச் சேர்க்கும் உப்பை ஒளிவினையூக்கியால் நீக்க முடியாது; அந்த உப்பின் குளோரைடு தனியுறுப்பைத் தின்று வினையையும் மந்தமாக்குகிறது. நுண்தூளை நீரிலிருந்து திரும்பப் பிரிப்பதும் செலவு பிடிக்கும் வேலை. கண்ணாடியில் பூசிய படலங்கள், கண்ணுறு ஒளியை ஏற்கும் கார்பன் நைட்ரைடு முதலியன ஆய்வில் உள்ளன.