சுரங்கத்தார் வேண்டுதல்

துன்பம் வந்துற்றபோது தெய்வத்தை நினைப்பது அச்சத்தின் விளைவு என்று கூறுவார் உளர். தங்கவயலில் வாழ்ந்த நம் முன்னோரின் வரலாறு இக்கூற்றை அவ்வளவு எளிதாக ஏற்க விடுவதில்லை.

பண்டு குவளாலம் எனப்பட்ட கோலாரில் கோலாரம்மன் கோயில் உளது. அங்குள்ள சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் அவ்வன்னையைப் பிடாரி என்றே குறிக்கின்றன. செங்கல்லால் ஆகிய கோயில், முதலாம் இராசேந்திரன் காலத்தில், 11ஆம் நூற்றாண்டில், கற்றளியாக்கப்பட்டது. அக்கோயிலிலேயே சேளம்மா என்னும் தேள் தெய்வமும் உண்டு. வணங்கினாரைத் தேள் தீண்டாது என்பது மக்கள் நம்பிக்கை. கல்லும் முள்ளும் நிறைந்த வறண்ட நிலத்தில் எது உயிரை வருத்தியதோ, அதுவே வழிபாட்டிலும் இடம்பெற்றது.

1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் சுரங்கத் தொழிலில் இறங்கியபின், வட ஆற்காட்டிலிருந்து தமிழர் கூட்டங் கூட்டமாக இங்கு வந்தனர். பெரும்பாலோர் நிலமற்ற ஒடுக்கப்பட்ட மக்கள். மைசூர் ஆணையராயிருந்த பௌரிங் துரையின் பெயரால் அந்நாளில் பௌரிங்பேட்டை எனப்பட்ட நம் பங்காருபேட்டையே அவர்களுக்கு வாயில். கிளை இருப்புப்பாதை அமைந்தபின் இங்கு வண்டி மாறி மாரிக்குப்பம் சேர்ந்தனர். இறுதி நிலையத்தின் பெயரிலேயே மாரி இருப்பது எனக்கு என்றும் வியப்பளிப்பது.

சாம்பியன் ரீப் சுரங்கம் காலப்போக்கில் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழ்ந்தது. அடியில் பாறையின் வெப்பம் 60 பாகையைத் தாண்டும். கல்தூசி நுரையீரலை அரித்தது. எல்லாவற்றினும் கொடியது பாறை வெடிப்பு. மேலிருந்து அழுத்தும் மலைச்சுமை தாளாது, உறுதியாய் நின்ற பாறை ஒரு நொடியில் சிதறும். மேலே வீடுகளும் குலுங்கும். 1912இல் நிலநடுக்கப் பதிவுக் கருவி நிறுவப்பட்டது. அது நடந்ததைப் பதிந்ததேயன்றி நடக்கவிருந்ததை உரைக்கவில்லை. தரை அதிர்ந்த கணத்தில் லைன் வீட்டில் அடுப்பெதிரே நின்ற பெண்ணுக்கு, கணவன் எந்த மட்டத்தில் நிற்கிறான் என்பது எங்ஙனம் தெரியும்? மஞ்சள் துணியில் காசு முடிந்து மாரிக்கு வேண்டினாள் ஒருத்தி. மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினாள் மற்றொருத்தி. அவன் மேலேறி வந்தால் ஆடியில் கூழ் வார்த்தாள்.

மனுக்களோடு காலங்கழிக்கும் அலுவலக எழுத்தனாகிய எனக்கு ஈண்டு ஒன்று தோன்றுகிறது. மனுவுக்கு எண் உண்டு, நாள் உண்டு, என்றேனும் ஒரு விடையும் உண்டு. ஆனால் யாருக்கு எழுதுவது என்பது தெரிந்திருத்தல் வேண்டும். பாறைக்கு மனு எழுத இயலுமோ?

யாரிடம் கேட்பது எனத் தெரிந்த இடங்களில் இம்மக்கள் தெய்வத்திடம் மட்டும் கேட்டு நின்றாரல்லர். 1930இல், குற்றவாளிகளைப் போல் கைரேகை பதியச் சொன்னபோது, ஆயிரக்கணக்கானோர் சுரங்கத்தில் இறங்க மறுத்தனர். 1946இல் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிர்நீத்தனர். கூழ் வார்த்த குடும்பங்களே இவையும்.

வேண்டுதலையே ஐயுற்றோரும் இங்கு இருந்தனர். அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த சங்கத்திற்கு மாரிக்குப்பத்தில் வலிய கிளை இருந்தது. 1914இல் அவர் மறைந்தபின் அவருடைய ‘தமிழன்’ இதழ் தங்கவயலிலிருந்தும் வெளிவந்தது. சித்த மருத்துவரான பண்டிதர் அம்மனைப் பழித்து ஒதுக்கவில்லை. வேம்பின் பயனறிந்து நோயுற்றார்க்கு உதவிய பௌத்தப் பெண்துறவியே பின்னாளில் அம்மனாக வணங்கப்பட்டாள் என எழுதினார். அவர் கூறியது வரலாறாகுமா என்பது வேறு. கும்பிட்ட கையில் வேப்பிலையை மருந்தாகக் கண்ட அப்பார்வையே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. உயிரோடு மேலே வரவேண்டும் என்ற வேண்டுதல் ஓய்ந்தது. வேலை கிடைக்கவேண்டும் என்ற வேண்டுதல் அவ்விடத்தில் அமர்ந்தது. சுரங்கத்தாரின் மக்களும் பேரப்பிள்ளைகளும் இன்று விடியுமுன்னரே மாரிக்குப்பத்தில் வண்டியேறி, பங்காருபேட்டை வழியே பெங்களூருக்கு வேலைக்குப் போய் இருட்டியபின் திரும்புகின்றனர். அவ்வண்டிகளில் நெற்றியில் நீறோ குங்குமமோ சிலுவைக் குறியோ இல்லாத முகம் அரிது.