801: தன் குரலை அடக்கக் கற்ற ஸ்பீக்கர்

பவர்ஸ் அண்ட் வில்கின்ஸ் கம்பெனியின் 801 டி4 ஸ்பீக்கர் 2021 செப்டம்பரில் இங்கிலாந்தில் வெளிவந்தபோது ஒரு ஜோடியின் விலை 26,000 பவுண்டு. ஒற்றை ஸ்பீக்கரே 100 கிலோவுக்கு மேல் கனக்கும். இதே வரிசையின் பழைய ஜோடியை வீட்டில் வைத்திருப்பவர், அதைக் கொடுத்துவிட்டு இதை வாங்கலாமா என்று கடைக்குப் போனால், புதிதாக என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று பட்டியல் போட்டுச் சொல்வார்கள். அந்த ஸ்பீக்கர் பிறந்த கதை தெரிந்தவர் வேறொன்றைக் கேட்பார்: இந்த முறை எதை நீக்கியிருக்கிறார்கள்?

இங்கிலாந்தின் தென்கடற்கரையில் வொர்திங் என்று ஓர் ஊர். இரண்டாம் உலகப் போரின்போது ராணுவத்தில் பழக்கமான ஜான் பவர்ஸும் ராய் வில்கின்ஸும் போர் முடிந்ததும் அங்கே ரேடியோக் கடை வைத்தார்கள். பவர்ஸுக்கு மேற்கத்திய சாஸ்திரிய சங்கீதம் என்றால் உயிர். கச்சேரியில் கேட்டதற்கும் கடையில் விற்கும் ஸ்பீக்கரில் கேட்பதற்கும் இருந்த தூரம் அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. கடையின் பின்பக்கம் உட்கார்ந்து தாமே ஸ்பீக்கர் செய்ய ஆரம்பித்தார்.

மிஸ் நைட் என்ற வயதான அம்மையார் அந்தக் கடையின் வாடிக்கையாளர். பவர்ஸ் அமைத்துக் கொடுத்த ஸ்பீக்கரும், சங்கீதத்தைப் பற்றி அவர் பேசிய பேச்சும் அந்த அம்மாளுக்கு அவ்வளவு பிடித்துப்போயின. இறந்தபோது உயிலில் பவர்ஸுக்கு 10,000 பவுண்டு எழுதி வைத்திருந்தார். அந்தக் காலத்தில் அது பெருந்தொகை. அதை முதலாகப் போட்டு, பீட்டர் ஹேவர்டுடன் சேர்ந்து 1966-இல் பவர்ஸ் கம்பெனி தொடங்கினார். வில்கின்ஸ் கடையைப் பார்த்துக்கொண்டார். பெயர் மட்டும் இருவருடையதாகவே நிலைத்தது.

முதல் ஸ்பீக்கரின் பெயர் பி1. அதில் வந்த லாபத்தைப் பவர்ஸ் என்ன செய்தார் என்பதில்தான் அந்த மனிதரே தெரிகிறார். ரேடியோமீட்டர் கம்பெனியின் ஆசிலேட்டர் ஒன்றும் பேனாவால் கோடு போடும் ரெக்கார்டர் ஒன்றும் வாங்கினார். ஆசிலேட்டர் கீழ் ஒலியிலிருந்து மேல் ஒலி வரை ஒரே சீராக ஏறிக்கொண்டே போகும். ஸ்பீக்கர் அதை ஒலிக்கும். எதிரே மைக் கேட்கும். நகரும் காகிதத்தில் பேனா கோடு இழுத்துக்கொண்டே வரும். குறையில்லாத ஸ்பீக்கராக இருந்தால் கோடு நேராகப் போக வேண்டும். நிஜத்தில் மேடும் பள்ளமும் வரும். எங்கே மேடு தட்டுகிறதோ அங்கே ஸ்பீக்கர் பாட்டில் இல்லாத எதையோ சேர்க்கிறது, எங்கே பள்ளமோ அங்கே எதையோ விழுங்குகிறது. இந்த அளவைச் சான்றிதழாக ஸ்பீக்கரோடு கொடுத்து விற்றார்கள். தன் சரக்கின் குறையைத் தானே காகிதத்தில் வரைந்து வாங்குபவர் கையில் கொடுத்த துணிச்சலை நான் பெரிதாக மதிக்கிறேன். மிக அதிகம் தருவதல்ல, மிகக் குறைவாக இழப்பதே சிறந்த ஸ்பீக்கர் என்பது பவர்ஸின் கொள்கை.

இழப்பு எங்கே நடக்கிறது? முதலில் கோனில், அதாவது ஒலி எழுப்பும் கூம்பில். பின்னால் இருக்கும் கம்பிச் சுருள் தள்ளும்போது கோன் முழுவதும் ஒரே துண்டாக முன்னும் பின்னும் போக வேண்டும். ஒலி உயர உயர அது நடக்காது. அண்டா நீரில் நடுவே தட்டினால் அலை விளிம்புக்குப் போய் மோதித் திரும்புமே, அதுபோலக் கோனின் உடம்பிலேயே அதிர்வு ஓடித் திரும்பும். பாடகர் நிறுத்திய பிறகும் கோன் ஒரு கணம் பேசிக்கொண்டிருக்கும். இதற்குப் பவர்ஸ் குழு பிடித்த பொருள் கெவ்லார். டூபாண்ட் கம்பெனியில் ஸ்டெஃபனி குவோலக் 1965-இல் கண்டுபிடித்த இழை அது, பிற்பாடு குண்டு துளைக்காத சட்டைக்குப் போனது. ஊடும் பாவுமாக நெய்த அந்தத் துணியில் அதிர்வு எல்லாத் திசையிலும் ஒரே வேகத்தில் ஓடாது. அதனால் திரும்பி வரும் அலைகள் ஒன்றுசேர்ந்து கூச்சல் போடுவது குறைகிறது. 1976-இல் வந்த டிஎம்6 ஸ்பீக்கரில் அது இருந்தது. அந்த மஞ்சள் கோன் அடுத்த நாற்பது ஆண்டுகள் கம்பெனியின் முகமாக இருந்தது.

அடுத்த இழப்பு பெட்டியில். கோன் முன்னால் எவ்வளவு ஒலியைத் தள்ளுகிறதோ அவ்வளவையும் பின்னால் பெட்டிக்குள்ளும் தள்ளுகிறது. பலகைகள் அதிர்ந்து தாமும் பாடும். தவிர, அகலமான முன்பலகையின் ஓரங்களில் ஒலி பட்டுச் சிதறும். 1979-இல் பிறந்த 801 இதற்குச் சொன்ன பதில் பெட்டியையே பிரித்துவிடுவது. கீழே, கீழ் ஒலிக்கான வூஃபருக்குப் பெரிய பெட்டி. அதன் மேல் நடு ஒலிக்குத் தனியாக ஒரு தலை. அதற்கும் மேலே, மேல் ஒலிக்கான ட்வீட்டர் தனியாக. கீழ்ப்பெட்டியின் நடுக்கம் மேலே இருக்கும் குரலைத் தொடாது. வடிவம் கொடுத்தவர் கென்னத் கிரேஞ்ச், இன்டர்சிட்டி 125 ரயிலின் மூக்கை வரைந்தவர். வீட்டுக்கூடத்தில் வைக்க அது அழகான பொருள் என்று அன்று எல்லோரும் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்கள். ஆனால் மறு ஆண்டே லண்டன் ஆபி ரோடு ஸ்டூடியோ அதை எடுத்துக்கொண்டது. ஒலிப்பதிவாளருக்குத் தேவை இனிமை கூட்டும் ஸ்பீக்கர் அல்ல. மைக் வைத்த இடம் தவறு என்றால் அதை முகத்துக்கு நேரே சொல்லும் ஸ்பீக்கர். 801 சொன்னது.

வொர்திங்குக்குப் பக்கத்து ஊரான ஸ்டெய்னிங்கில் 1982-இல் ஆராய்ச்சிக்கென்றே தனி இடம் அமைத்தார்கள். அங்கே லாரன்ஸ் டிக்கி என்ற பொறியாளர் பெட்டிக்குள் பலகைகளைக் குறுக்கும் நெடுக்கும் கோத்து அறை அறையாகப் பிரித்தார். மேட்ரிக்ஸ் என்ற அந்த அமைப்பு வந்த பிறகு பெட்டியின் பக்கத்தில் தட்டினால் 'டங்' என்ற ஒலி வராது, சுவரில் தட்டுவதுபோல் விரல்தான் வலிக்கும். மேட்ரிக்ஸ் 801 வந்த 1987-ஆம் ஆண்டின் கடைசியில் பவர்ஸ் காலமானார்.

பெட்டியே இல்லாமல் ஸ்பீக்கர் செய்ய முடியுமா என்ற கேள்வியை விடாமல் துரத்தி, 1993-இல் டிக்கி நாட்டிலஸ் என்ற ஸ்பீக்கரை முடித்தார். ஒவ்வொரு கோனுக்கும் பின்னால் குறுகிக்கொண்டே போகும் குழாய். பின்பக்க ஒலி அதற்குள் போய் மெல்ல மெல்ல அடங்கிவிடும், திரும்பி வராது. கீழ் ஒலிக்கான குழாய் மிக நீளமாகிவிடும் என்பதால் சுருட்டினார்கள், நத்தை வடிவம் அப்படி வந்தது. ஒரு ஜோடிக்கு எட்டு சேனல் ஆம்ப்ளிஃபயர் வேண்டும். வீட்டில் வைப்பது எளிதல்ல. ஆனால் அந்தக் குழாய் 1998-இல் 801-இன் தலைக்கு ஏறியது. அன்று முதல் ட்வீட்டருக்குப் பின்னால் வால்போல் நீண்டிருப்பது அதுதான்.

2005-இல் ட்வீட்டருக்குச் செயற்கை வைரக் குமிழ் வந்தது. அலுமினியக் குமிழ் 30,000 ஹெர்ட்ஸ் அளவில் நெளியத் தொடங்கும், வைரம் 70,000 வரை தாங்கும். 2015-இல் வந்தது பெரிய முடிவு. எட்டு ஆண்டுகள் பாடுபட்டு உருவாக்கிய கன்டினுயம் என்ற வெள்ளி நிறக் கோனுக்காகத் தங்கள் அடையாளமான மஞ்சள் கெவ்லாரை இந்த வரிசையிலிருந்து எடுத்துவிட்டார்கள். 2021-இன் டி4-இல் கை வைத்தது இன்னும் உள்ளே. எல்லா ஸ்பீக்கரிலும் கோனுக்குப் பின்னால் மடிப்பு மடிப்பான துணி வளையம் ஒன்று உண்டு. கோனை நடுவில் பிடித்து நிறுத்துவது அதன் வேலை. கோன் ஆடும்போது அதுவும் ஆடி, காற்றைத் தள்ளி, தன் பங்குக்கு ஒலி எழுப்பும். நடு ஒலி கோனில் அந்தத் துணியை எடுத்துவிட்டு, காற்று புகுந்து போகும் மெல்லிய கைகள் சிலவற்றை வைத்தார்கள். பாட்டில் இல்லாத ஒரு சிறு குரல் மேலும் அடங்கியது.



இனி வாங்க நினைப்பவருக்கு. மஞ்சள் கோன் காலத்து ஜோடி உங்களிடம் இருந்தால் டி4-ஐக் கட்டாயம் கேட்டுப் பாருங்கள். இடையில் கோன், தலை, பெட்டி எல்லாமே மாறியிருக்கின்றன, மனிதக் குரலில் அந்த வித்தியாசத்தைத் தேடுங்கள். கன்டினுயம் கோனுடன் 2015-இல் வந்த முந்தைய தலைமுறை டி3 வைத்திருப்பவர் அவசரப்பட வேண்டியதில்லை என்பது என் முடிவு. அந்தப் பணத்தில் ஒரு சிறு பகுதியை அறைக்குச் செலவிடுங்கள். கனமான திரை, தரைவிரிப்பு, புத்தக அலமாரி, சுவரிலிருந்து ஸ்பீக்கரைச் சற்று முன்னே இழுத்து வைப்பது, இவை தரும் பலன் பெரிது. 801 டி4-இன் மின்தடை சில இடங்களில் 3 ஓம் வரை இறங்கும், உங்கள் ஆம்ப்ளிஃபயர் அதைத் தாங்குமா என்று முதலில் விசாரியுங்கள். கடையில் அவர்கள் போடும் பாட்டில் மயங்காதீர்கள். உங்களுக்கு மனப்பாடமான பதிவை எடுத்துப்போங்கள். முடிந்தால் ஒரு வாரம் வீட்டில் வைத்துக் கேட்கத் தரச் சொல்லுங்கள். இவ்வளவு பணம் கொடுப்பவர் அதைக் கேட்டு வாங்குவதில் தவறே இல்லை.