வழக்கில் இல்லாத மூன்றாம் தரப்பு: இங்கிலாந்தில் வாடகை உதவித்தொகையும் வாடகைப் பாக்கி வழக்குகளும்

முன்னுரை

இங்கிலாந்தின் கவுண்டி நீதிமன்றத்தில் நடக்கும் வாடகைப் பாக்கி வழக்குகளில் வீட்டு உரிமையாளர் வாதி, குடியிருப்பவர் பிரதிவாதி. குடியிருப்பவர் அரசின் உதவித்தொகையைக் கொண்டு வாடகை செலுத்துபவராக இருந்தால், அப்பணம் எவ்வளவு, எந்நாளில் வரும், யார் கணக்கில் சேரும் என்ற மூன்றையும் வரையறுப்பது அரசு. ஆனால் அந்த அரசு வழக்கில் ஒரு தரப்பாக நிற்பதில்லை. தன் கையில் இல்லாத மூன்று காரணங்களுக்காகக் குடியிருப்பவர் வீட்டை இழக்கிறார். தன் கையில் இல்லாத அதே காரணங்களால் உரிமையாளர் வருமானத்தை இழக்கிறார். இவ்வழக்குகளை இருவருக்கு இடையிலான ஒப்பந்த மீறலாக மட்டும் பார்க்கும் சட்டம் நீதி வழங்க இயலாது என்பதும், பணம் செலுத்தும் அரசைப் பொறுப்புக்கு உட்படுத்துவதே தீர்வு என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

அவிழ்த்துவிடப்பட்ட வாடகை, கட்டப்பட்ட உதவி

வாடகை உதவித்தொகை 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி உருவாகி 1983இல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. 1988ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம் 1989 ஜனவரி 15 முதல் தொடங்கும் புதிய தனியார் வாடகை ஒப்பந்தங்களை வாடகைக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்தது. வாடகையைச் சந்தை தீர்மானிக்கும், ஏழைகளின் சுமையை உதவித்தொகை தாங்கும் என்பதே அன்றைய கொள்கையின் உள்ளுறை. அவ்வேற்பாட்டின் முதல் பாதி அப்படியே நிலைத்தது. இரண்டாம் பாதி படிப்படியாகக் கைவிடப்பட்டது.

2008 ஏப்ரலில் தனியார் வாடகைதாரருக்கென நாடு முழுவதும் 'லோக்கல் ஹவுசிங் அலவன்ஸ்' என்ற வீட்டுப்படி முறை வந்தபோது, ஒவ்வொரு வட்டாரத்தின் நடுமட்ட வாடகை அதற்கு அளவுகோலாக இருந்தது. 2011இல் அது முப்பதாம் சதமானத்துக்கு இறக்கப்பட்டது. அதாவது, வட்டாரத்தின் வாடகைகளை ஏறுவரிசையில் அடுக்கினால் கீழிருந்து நூற்றுக்கு முப்பது வீடுகள் மட்டுமே உதவித்தொகைக்குள் அடங்கும். 2016 முதல் நான்கு ஆண்டுகள் அந்த அளவும் உறைந்திருந்தது. 2020 ஏப்ரலில் அது மீண்டும் முப்பதாம் சதமானத்துக்கு உயர்த்தப்பட்டு, உடனே உறைந்தது. 2024 ஏப்ரலில் மறுபடி உயர்த்தப்பட்டு, 2025இல் மறுபடி உறைந்தது. வாடகை ஆண்டுதோறும் ஏற, உதவித்தொகை நின்ற இடத்திலேயே நிற்கும்போது இடையில் விழும் பள்ளத்துக்கு வாடகைப் பாக்கி என்று பெயர்.

முதற் காரணம்: தொகையின் குறை

நான்கு குழந்தைகளுடன் வாழ்ந்த ஒரு தாய் பர்மிங்காம் நகர மன்றத்துக்கு எதிராக நடத்திய வழக்கு இதற்குத் தெளிவான சான்று. அவருடைய மாத வாடகை 700 பவுண்டு. கிடைத்த வாடகை உதவித்தொகை 548 பவுண்டு 51 பென்ஸ். மீதி 151 பவுண்டு 49 பென்ஸை, குழந்தைகளின் உணவுக்கும் உடைக்கும் அரசு அளித்த தொகையிலிருந்துதான் அவர் எடுக்க வேண்டியிருந்தது. பாக்கி சேர்ந்தது, வீடு பறிபோனது. அவர் நகர மன்றத்தை நாடியபோது, செலவைச் சுருக்கி அந்த மீதியைச் செலுத்தியிருக்கலாம் என்றும், எனவே அவர் வேண்டுமென்றே வீடிழந்தவர் என்றும் மன்றம் முடிவு செய்தது.

2019 ஜூனில் உச்ச நீதிமன்றம் அம்முடிவை ஏற்கவில்லை. அடிப்படை வாழ்வுக்கெனக் கணக்கிடப்பட்ட உதவித்தொகைகளில் உபரி இருக்கும் என்று கருத இடமில்லை என்பது தீர்ப்பின் சாரம். ஆனால் அத்தீர்ப்பு வீட்டைத் திருப்பித் தரவில்லை. வீடிழந்த பின் மன்றம் அவரை எப்படி நடத்த வேண்டும் என்பதை மட்டுமே பேசியது. குறை அரசின் கணக்கில் பிறந்தது என்று உச்ச நீதிமன்றம் உணர்ந்த அளவுக்குக்கூட, வீட்டைக் காலி செய்யக் கோரும் வழக்கை விசாரிக்கும் நீதிபதி அதைக் கருத்தில் கொள்ள 1988ஆம் ஆண்டுச் சட்டம் வெளியேற்றத்துக்கு வகுத்துள்ள காரணங்களுள் எட்டாம் காரணம் இடம் தருவதில்லை.

இரண்டாம் காரணம்: காலத்தின் தாமதம்

2025ஆம் ஆண்டுச் சட்டத்தின் மாற்றத்துக்கு முன், அந்த எட்டாம் காரணத்தின்படி, மாத வாடகை ஒப்பந்தத்தில் இரண்டு மாதப் பாக்கி அறிவிப்பு நாளிலும் விசாரணை நாளிலும் இருந்தால், வீட்டைக் காலி செய்ய நீதிபதி உத்தரவிட்டே ஆக வேண்டியிருந்தது. பாக்கி ஏன் வந்தது என்ற கேள்விக்கு அங்கே பொருளிருக்கவில்லை.

வாடகை உதவித்தொகையை உள்ளடக்கி 2013 முதல் படிப்படியாக வந்த 'யுனிவர்சல் கிரெடிட்' மாதக் கடைசியில் கணக்கிட்டுத் தரப்படுவது; முதல் தவணைக்கு ஐந்து வாரம் காத்திருக்க வேண்டும். வாடகையோ பெரும்பாலும் மாதத் தொடக்கத்தில் முன்கூட்டியே செலுத்த வேண்டியது. வாடகை நாளன்றே வேலையிழந்து விண்ணப்பிக்கும் ஒருவருக்கு, முதல் பணம் கைக்கு வருமுன் இரண்டாம் மாத வாடகை நாளும் வந்துவிடுகிறது. எந்தத் தவறும் செய்யாமலே, சில நாட்களுக்கேனும் அவர் இரண்டு மாதப் பாக்கிக்காரர் ஆகிறார். இடையில் அரசு தரும் முன்பணம், பின்னர் வரும் தவணைகளில் பிடித்தம் செய்யப்படும் கடன். இன்றைய தாமதத்தை அது நாளைய குறையாக மாற்றுகிறது.

உதவித்தொகை அலுவலகத்தின் நிர்வாகச் சீர்கேட்டால் பாக்கி சேர்ந்தது என்பதற்காக விசாரணையை ஒத்திவைக்கலாமா என்ற கேள்வி 2004 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முன் வந்தது. அது விதிவிலக்கான சூழல் ஆகாது என்றது நீதிமன்றம். இத்தகைய தாமதம் பரவலாக நேர்வதே என்பதும் அதன் கருத்து. பரவலாக நேரும் ஒரு தீங்குக்குப் பரிகாரம் கிடையாது என்ற இந்நிலை சட்டத்தின் சொற்களுக்குப் பொருந்தியிருக்கலாம், நீதியுணர்வுக்குப் பொருந்தவில்லை.

வேறு வழி உண்டு என்பதற்கு அண்டையிலேயே சான்று இருக்கிறது. ஸ்காட்லாந்தின் 2016ஆம் ஆண்டுத் தனியார் வாடகைச் சட்டம், பாக்கி முழுவதுமோ ஒரு பகுதியோ உதவித்தொகைத் தாமதத்தால் வந்ததா என்று தீர்ப்பாயம் ஆராய வேண்டும் என விதித்தது. அங்கே மூன்றாம் தரப்பின் செயல் வழக்கின் சான்றாகவேனும் பதிவாகிறது.

மூன்றாம் காரணம்: பணம் செல்லும் வழி

2008ஆம் ஆண்டு முறை, உதவித்தொகையைக் குடியிருப்பவர் கையிலேயே தருவதைப் பொதுவிதியாக்கியது. தன் பணத்தைத் தானே நிர்வகிக்கும் மதிப்பு அவருக்கு உண்டு என்பது அதன் நியாயம், அந்நியாயம் உண்மையானதே. ஆனால் வாடகைப் பணம் வேறு அவசரச் செலவில் கரைந்தால் இழப்பு உரிமையாளருக்கு. எட்டு வாரப் பாக்கி சேர்ந்தால் பொதுவாக நேரடியாக உரிமையாளருக்குச் செலுத்த வேண்டும் என்ற பழைய விதியும், இரண்டு மாதப் பாக்கிக்குப் பின் அவ்வாறு செலுத்தும் யுனிவர்சல் கிரெடிட் நடைமுறையும் ஒரே குறையுடையவை. வழக்குத் தொடுக்கப் போதுமான பாக்கி சேர்ந்த பிறகுதான் பாதுகாப்பு வந்து சேர்கிறது. இத்துடன், நேரடியாகப் பெற்ற தொகையில் மிகைச் செலுத்தல் கண்டறியப்பட்டால் அதை உரிமையாளரிடமிருந்தே மீட்கவும் வாடகை உதவித்தொகை விதிகள் இடமளித்தன. இந்த அச்சமும் பல உரிமையாளர்களை உதவித்தொகைக் குடியிருப்பாளரிடமிருந்து விலக்கியது.

ஸ்காட்லாந்தில் யுனிவர்சல் கிரெடிட் பெறுவோர், வாடகைப் பகுதியை நேரடியாக உரிமையாளருக்கு அனுப்பும்படி தாமே தெரிவு செய்யலாம். வட அயர்லாந்தில் அதுவே பொதுவிதி. தெரிவு செய்யும் உரிமை குடியிருப்பவரிடம் இருந்தால் மதிப்பும் குறையாது, பாக்கியும் சேராது. இங்கிலாந்து அவ்வுரிமையை மறுப்பதற்கு வலுவான காரணம் எதுவும் தென்படவில்லை.

வாசலிலேயே மறுப்பு

இம்மூன்றும் சேர்ந்து விளைவித்ததே 'நோ டிஎஸ்எஸ்' என்ற விளம்பர வாசகம். சமூகப் பாதுகாப்புத் துறையின் பெயர்ச்சுருக்கத்தைக் கொண்ட அது, துறையின் பெயர் மாறிய பிறகும், உதவித்தொகை பெறுவோருக்கு வீடு இல்லை என்பதற்கான குறியாக வழங்கிவந்தது. பெண்களையும் மாற்றுத்திறனாளிகளையும் அது கூடுதலாகப் பாதிப்பதால் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தின்படி மறைமுகப் பாகுபாடு என்று 2020 ஜூலையில் யார்க் கவுண்டி நீதிமன்றம் கூறியது. அதே ஆண்டு செப்டம்பரில் பர்மிங்காம் நீதிமன்றமும் அவ்வழி நின்றது.

2025 அக்டோபர் 27 அன்று அரச ஒப்புதல் பெற்ற வாடகைதாரர் உரிமைச் சட்டம் அப்பாகுபாட்டை நேரடியாகவே தடை செய்கிறது. காரணம் கூறாமல் வெளியேற்ற இடமளித்த, 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21ஆம் பிரிவை நீக்குகிறது. எட்டாம் காரணத்தின் வரம்பை மூன்று மாதமாக உயர்த்துகிறது. இன்னும் வந்து சேராத யுனிவர்சல் கிரெடிட்டால் மட்டுமே நின்ற தொகையைப் பாக்கிக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றும் விதிக்கிறது. மேலே சொன்ன இரண்டாம் காரணத்துக்கு இது மெய்யான மருந்து. மனமார வரவேற்க வேண்டியது.

ஆனால் முதற் காரணத்தை இச்சட்டம் தொடவில்லை. உதவித்தொகை பெறுபவர் என்பதற்காக மறுக்கக் கூடாது. வருமானம் வாடகைக்குப் போதாது என்பதற்காக மறுக்கலாம். வீட்டுப்படி உறைந்திருக்கும் நாட்டில் உதவித்தொகை பெறுபவர் பலரின் வருமானம் வாடகைக்குப் போதாது. தடை செய்யப்பட்ட மறுப்பு வேறு பெயரில் அதே வாசலில் நிற்கிறது.

ஒரு மறுப்பும் அதற்கு விடையும்

உதவித்தொகையை உயர்த்தினால் வாடகையும் உயரும், ஆதாயம் உரிமையாளருக்கே போகும் என்பர். இக்கவலையைப் புறந்தள்ள முடியாது. ஆனால் 2011க்குப் பின் உதவித்தொகை இறங்கியும் உறைந்தும் கிடந்த காலத்தில் வாடகை ஏறியதே நாம் காண்பது. வாடகையைக் கட்டுப்படுத்த வேண்டுமெனில் அதை உரிமையாளரிடம் நேரடியாகச் சட்டத்தால் செய்ய வேண்டும். குழந்தைகளின் உணவுப் பணத்தைக் கருவியாக்கிச் செய்வது அறமாகாது. பெற்ற வாடகைப் பணத்தை வேண்டுமென்றே கொடுக்காதவர்களும், ஒழுகும் கூரையைச் செப்பனிடாத உரிமையாளர்களும் உண்டு என்பதும் மெய். அவர்களின் பொறுப்பைப் பிரித்தறியவேனும் அரசின் பங்கு தனியே எடுத்துக் கணக்கிடப்பட வேண்டும்.

முடிவுரை

ஈஸ்ட் ஹாம், ஹாரோ போன்ற லண்டன் பகுதிகளில் வாழும் தமிழர்களுள் இவ்வழக்கின் இரு பக்கத்தினரும் உள்ளனர். ஒருவரையொருவர் குறை கூறுவதால் இருவருக்கும் பயனில்லை. செய்ய வேண்டியவை மூன்று. வீட்டுப்படி ஆண்டுதோறும் வாடகையோடு உயர்வதைச் சட்டக் கடமையாக்க வேண்டும். நேரடிச் செலுத்தலைத் தெரிவு செய்யும் உரிமையைக் குடியிருப்பவருக்கு முதல் நாளிலிருந்தே வழங்க வேண்டும். பாக்கியில் அரசால் விளைந்த பகுதி எவ்வளவு என்று ஆராயவும், உதவித்தொகை அலுவலகத்தை அழைத்து விளக்கம் கேட்கவும் நீதிபதிக்கு அதிகாரம் அளிக்க வேண்டும். வாடகையின் ஒரு பகுதியைத் தருவதாக ஏற்றுக்கொண்ட அரசு, அந்தப் பகுதி வராமல் போனதற்கும் பதில் சொல்லியாக வேண்டும்.