வருமுன் கோலிய அணை

கத்ரீனா புயல் 2005 ஆகஸ்ட் 29 அன்று லூசியானாவைத் தாக்கியது. கரைகள் உடைந்து, நியூ ஆர்லியன்ஸ் நகரின் ஐந்தில் நான்கு பங்கு நீரில் மூழ்கியது. நகரின் கிழக்குக் கோடியில், செஃப் மெந்தூர் நெடுஞ்சாலையை ஒட்டி, வெர்சேல்ஸ் என்று ஊரார் அழைக்கும் வியட்நாமியக் குடியிருப்பும் தப்பவில்லை. ஆனால் ஆறே வாரத்தில், விளக்கெரியாத அந்தப் பகுதியில், வியட்நாம் அரசி மரியா ஆலயத்தில் மறுபடியும் ஞாயிறு திருப்பலி நடந்தது. 2006 நடுவில் நகரத்தின் மக்கள்தொகை பழைய அளவில் ஏறத்தாழப் பாதியாக நின்றுவிட்டது. வெர்சேல்ஸ் வியட்நாமியரிலோ, 2007 வாக்கில் பத்தில் ஒன்பது பேர் வீடு திரும்பிவிட்டதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். இதற்குப் பொதுவாக இரண்டு விளக்கங்கள் சொல்லப்படுகின்றன: அவர்களுடைய விசுவாசம், அவர்களுடைய உழைப்பு. இரண்டுமே உண்மைதான், ஆனால் இரண்டும் போதாது. அந்த மக்களைக் கரை சேர்த்தது முப்பது ஆண்டுகளாக அவர்கள் பழகி வந்த ஒரு நிர்வாக முறை. யார் எந்த வீட்டில் இருக்கிறார், யாருக்கு என்ன தேவை, யாரிடம் சொன்னால் எல்லோருக்கும் செய்தி போய்ச் சேரும் என்று முழுவதும் அறிந்த ஒரே அமைப்பு அங்கே அவர்களுடைய பங்கு, அதாவது அந்த ஆலயத்தைச் சேர்ந்த மக்கள் சமூகம்தான்.

அந்த முறையின் வேர் வட வியட்நாமில் இருக்கிறது. 1954இல் ஜெனீவா உடன்படிக்கை நாட்டை இரண்டாகப் பிரித்தபோது ஏறத்தாழ எட்டு முதல் பத்து லட்சம் பேர் தெற்கே போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர். செந்நதியின் கழிமுகத்துக்கு அருகிலுள்ள பூய் சூ, ஃபாட் தியெம் மறைமாவட்டங்களில் இருந்து, குருவானவர் முன்னே செல்ல, ஊர் ஊராகவே புறப்பட்டுப் போனவர்கள் பலர். தெற்கே போய் இறங்கிய இடத்திலும் பழைய பங்கையே புதிய ஊராக அமைத்துக்கொண்டார்கள். 1975இல் சைகோன் வீழ்ந்ததும் அதே மக்களில் ஒரு பகுதியினர் கடல் கடந்தார்கள். நியூ ஆர்லியன்ஸ் பேராயர் பிலிப் ஹன்னன் அவர்களை வரவேற்றார். மறைமாவட்டத்தின் கத்தோலிக்க அறப்பணி அமைப்பு முதல் குடும்பங்களை வெர்சேல்ஸ் ஆர்ம்ஸ் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் தங்கவைத்தது. குடியிருப்புக்குப் பெயர் வந்தது அதிலிருந்துதான். அண்ணன் வந்தால் தம்பி, தம்பி வந்தால் மாமனார் என்று உறவுகள் பின்னாலேயே வந்து சேர்ந்தன. 1980களில் வியட்நாம் அரசி மரியா ஆலயம் தனிப் பங்காக நிறுவப்பட்டது. பங்கு வட்டாரங்களாகப் பிரிந்திருந்தது. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் பொறுப்பாளர்கள் இருந்தார்கள். தமிழ்நாட்டுப் பங்குகளில் அன்பியங்கள் என்ற சிறு குழுக்களை அறிந்தவர்களுக்கு இந்த அமைப்பு புதிதாகத் தோன்றாது.

இந்த அமைப்பு செபத்துக்காக மட்டும் இயங்கவில்லை. வெர்சேல்ஸ் முதியோர் கால்வாய்க் கரையிலும் கரைமேட்டுச் சரிவிலும் காய்கறித் தோட்டம் போட்டிருந்தார்கள். கூம்புத் தொப்பி அணிந்து, கால்வாய் நீரை மொண்டு பாய்ச்சி, பாகல், சேம்பு, எலுமிச்சைப்புல், வள்ளைக்கீரை எல்லாம் விளைவித்தார்கள். அவை சனிக்கிழமை விடிவதற்கு முன் கூடும் சந்தையில் தரையில் விரித்து விற்கப்படும். ஆங்கிலம் தெரியாத ஒரு பாட்டியால் அந்தச் சந்தையையும் கோயிலையும் கொண்டே தன் வாழ்நாளை நிறைவாக நடத்திவிட முடிந்தது. பிள்ளைகளின் படிப்பு, தாய்மொழி வகுப்பு, கல்யாணம், சாவு, சண்டை சமாதானம் எல்லாமே பங்கின் வழியாக நடந்தன. ஒரு சமூகம் தன்னைத் தானே எண்ணிப் பார்ப்பதும், தன் பேரில் ஒருவரைப் பேச அனுப்புவதும், ஒரு சொல்லுக்குக் கட்டுப்படுவதும் ஓராண்டில் வரும் பழக்கங்கள் அல்ல. அவை ஆண்டுதோறும் சிறு சிறு காரியங்களில் பழகிப் பழகி வந்தவை. வெள்ளத்தின்போது அவை பெரிய காரியத்துக்குப் பயன்பட்டன.

புயல் வந்தபோது பெரும்பாலோர் காரில் ஏறி வெளியேறிவிட்டார்கள். வெளியேற முடியாத, வெளியேற மனமில்லாத சில நூறு பேருடன் பங்குத்தந்தை வியென் தே நுயென் ஆலய வளாகத்திலேயே தங்கினார். நீர் ஏறிய பிறகு மீட்புப் படகுகள் வந்தன. அதற்குள் மந்தை சிதறிவிட்டது. ஹூஸ்டனில் பலர், டல்லஸ், ஆஸ்டின் நகரங்களில் சிலர், ஆர்கன்சாவின் ஃபோர்ட் சாஃபி முகாமில் இன்னும் சிலர். ஹூஸ்டனின் ஹாங்காங் சிட்டி மால் என்ற ஆசியக் கடைவளாகத்தில் வந்திறங்கியவர்களை அந்நகர வியட்நாமியக் குடும்பங்கள் வீட்டுக்கு அழைத்துப்போயின. ரேடியோ சைகோன் ஹூஸ்டன் வானொலி அவர்களுக்காகத் தாய்மொழியில் அறிவிப்புகள் செய்தது. பங்குத்தந்தை ஊர் ஊராகப் போய்த் தன் மக்களைத் தேடினார். யார் எங்கே இருக்கிறார், யார் இன்னும் கிடைக்கவில்லை என்ற கணக்கு அப்படித்தான் சேர்ந்தது. வெள்ள உதவி என்றதும் அரிசியும் போர்வையும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. வெர்சேல்ஸ் மக்களுக்கு அவற்றைவிடப் பெரிய உதவியாக இருந்தது, தம்மைத் தேடி ஒருவர் வருவார் என்ற உறுதி.

அடுத்த சிக்கல் இன்னும் கடினமானது. மூழ்கிய ஊருக்குத் தனி ஒரு குடும்பம் திரும்ப முடியாது. பக்கத்து வீடு இருண்டு கிடக்கும், கடை திறக்காது, ஆள் இல்லாத இடத்துக்கு மின்கம்பி இழுக்க எந்த நிறுவனமும் அவசரப்படாது. எல்லோரும் வந்தால் நானும் வருவேன் என்று ஒவ்வொருவரும் காத்திருந்தால் ஒருவரும் வரமாட்டார்கள். இந்த முடிச்சை அவிழ்த்தது ஞாயிறு திருப்பலி. அக்டோபர் தொடக்கத்தில் அப்பகுதி மக்கள் வந்து வீட்டைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நகராட்சி அனுமதித்தபோது, பங்கு மக்கள் கோயிலில் கூடினார்கள். முதலில் சில நூறு பேர். மாதம் முடிவதற்குள் ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. யார் வந்திருக்கிறார் என்பதை ஒவ்வொருவரும் கண்ணால் கண்டார்கள். பங்குத்தந்தை அந்தக் கூட்டத்தைப் படம் எடுத்தார். மின்சாரம் தர வாடிக்கையாளர் இருப்பதற்குச் சான்று வேண்டும் என்று என்டர்ஜி நிறுவனம் கேட்டபோது, அந்தப் படங்களோடு ஐந்நூறு பெயர் கொண்ட ஒரு விண்ணப்பமும் மேசைக்குப் போனது. நவம்பரில் விளக்கு எரிந்தது. 2006 ஜனவரியில் மேயர் அமைத்த மறுசீரமைப்புக் குழு, பெரிதும் மூழ்கிய பகுதிகளில் கட்டட அனுமதியைச் சில மாதம் நிறுத்திவைத்து, தாங்கள் திரும்புவோம் என்பதை அந்தந்தப் பகுதியினரே நிறுவ வேண்டும் என்று பரிந்துரைத்தது. நகரெங்கும் அது கோபத்தைக் கிளப்பியது. வெர்சேல்ஸ் அந்தச் சான்றை அதற்கு முன்பே கொடுத்துவிட்டது.

பங்குதான் இந்த மக்களைக் கரை சேர்த்தது என்பதற்கு முதல் மறுப்பு நிலவியல் சார்ந்தது. செஃப் மெந்தூர் நெடுஞ்சாலை பழைய நீரோட்டம் ஒன்று விட்டுச்சென்ற மேட்டின் மேல் போகிறது. சுற்றியுள்ள தாழ்நிலத்தை விட அதை ஒட்டிய இடங்களில் சேதம் குறைவு. நகரின் இன்னொரு பகுதியான கீழ் ஒன்பதாம் வார்டில் கரை உடைந்து பாய்ந்த நீர் வீடுகளை அடித்தளத்தோடு பெயர்த்தது. அங்குள்ள கறுப்பின மக்கள் பல மாதம் வீடு திரும்பவே அனுமதிக்கப்படவில்லை. அவர்களிடம் அன்போ அமைப்போ குறைவு என்று யாராவது சொன்னால் அது அநியாயம். இந்த வேறுபாட்டை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். ஆனால் மேடு மட்டுமே காரணமானால், அதே மேட்டைச் சார்ந்த அக்கம்பக்கமெல்லாம் ஒரே வேகத்தில் நிறைந்திருக்க வேண்டும். நியூ ஆர்லியன்ஸ் கிழக்கில் அப்படி நடக்கவில்லை. நிலம் வாய்ப்பைத் தந்தது; அந்த வாய்ப்பு கையைவிட்டுப் போகுமுன் எடுத்துக்கொள்ளும் வேகத்தைப் பங்கு தந்தது.

இரண்டாவது மறுப்பு பண்பாட்டைக் காட்டுகிறது. வியட்நாமியர் இயல்பாகவே உழைப்பாளிகள், அதனால் எழுந்தார்கள் என்கிறது. இது பாராட்டாகத் தோன்றினாலும், எழாதவர்களைச் சோம்பேறிகள் என்று மறைமுகமாகச் சொல்லும் பேச்சு. நியூ ஆர்லியன்ஸின் கறுப்பினத் திருச்சபைகள் அடிமைக்காலம் தொட்டு மக்களைத் தாங்கி வந்தவை. அவற்றின் உறவும் ஈகையும் எதற்கும் குறைந்தவை அல்ல. வேறுபாடு இடத்தில் இருந்தது. நகரத்தின் பல சபைகளுக்கு உறுப்பினர்கள் பல பகுதிகளிலிருந்து வருகிறார்கள். ஒரு தெருவிலேயே பத்து சபைக்காரர்கள் இருக்கலாம். சபை முழுவதும் ஒன்றாக முடிவெடுத்தாலும் ஒரு தெரு நிறையாது. வெர்சேல்ஸில் வழிபடும் கூட்டமும் குடியிருக்கும் ஊரும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. திருப்பலியில் எடுத்த முடிவு மறுநாளே தெருவில் தெரிந்தது. இனத்தின் குணம் என்று சொல்லப்படுவது உண்மையில் குடியமைப்பின் பயன். அது எந்த மக்களுக்கும் வாய்க்கக்கூடியது. எந்த மக்களிடமிருந்தும் பறிக்கப்படக்கூடியதும்தான்.

மூன்றாவது மறுப்பை நான் இன்னும் கனமானதாகக் கருதுகிறேன். தன் உறுப்பினரைத் தாங்கும் சபை, உறுப்பினர் அல்லாதவரை வெளியே நிறுத்திவிடாதா? இந்தப் பங்கை ஆராய்ந்த எமிலி சாம்லீ-ரைட், வர்ஜில் ஸ்டோர் ஆகிய பொருளியல் அறிஞர்களே, அது வழங்கியவை முதன்மையாகச் சங்கத்து உறுப்பினர் துய்க்கும் நன்மைகள் என்று வகைப்படுத்தினார்கள். ஆனால் அடுத்து நடந்ததையும் பார்க்க வேண்டும். 2006 பிப்ரவரியில் மேயர் ரே நேகின் அவசர அதிகாரத்தைக் கொண்டு, குடியிருப்புக்கு இரண்டு மைலுக்கும் குறைந்த தூரத்தில், காட்டுயிர்ப் புகலிடத்தை ஒட்டி, புயல் இடிபாடுகளைக் கொட்டும் குப்பைக்கிடங்கு ஒன்றைத் திறக்கவிட்டார். அந்த இடத்தின் நீர் தங்கள் தோட்டக் கால்வாயில் கலக்கும் என்று முதியோர் அஞ்சினார்கள். அவர்கள் பேரப்பிள்ளைகளோடு நகராட்சி மன்றத்துக்குப் போனார்கள். கறுப்பின அண்டையாரும் சூழலியல் அமைப்புகளும் கூட நின்றார்கள். ஆகஸ்டில் கிடங்கு மூடப்பட்டது. நன்மை அப்பகுதி மக்கள் எல்லோருக்கும் சேர்ந்தது. முன்பு வந்த மின்சாரமும் அப்படியே. அந்தப் போராட்டக் காலத்திலேயே பங்கைச் சார்ந்த சமுதாய மேம்பாட்டுக் கழகமும், பங்கின் ஆட்சிக்கு வெளியே இளைஞர் அமைப்பு ஒன்றும் உருவாயின. உள்ளே உறுதியாக இருந்ததால்தான் வெளியே கைகோக்கும் துணிவு அவர்களுக்கு வந்தது என்பதை அந்த ஆண்டின் வரலாறு காட்டுகிறது. பெரியவர்களுக்கும் குருவுக்கும் கட்டுப்பட்ட அமைப்பில் இளையோர் குரல் அமுங்கும் என்ற அச்சத்துக்கும் அந்த ஆண்டே ஓரளவு பதில் தந்தது: ஆங்கிலம் பேசும் பேரப்பிள்ளைகள் இல்லாமல் பெரியவர்களின் வழக்கு மன்றத்தில் ஏறியிருக்காது.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. இத்தகைய வரலாறுகள் அரசுகளுக்கு வசதியாகிவிடும். கோயிலே பார்த்துக்கொண்டது, நாம் எதற்கு என்று ஒதுங்க வழி கிடைக்கும். வெர்சேல்ஸ் சொல்வது அதற்கு நேர் எதிரானது. பங்கு மக்கள் கரை கட்டவில்லை, கட்டவும் முடியாது. கிழக்குப் பகுதியை மூழ்கடித்தது கப்பல் கால்வாய்களை ஒட்டி அரசு கட்டிய கரைகளின் தோல்வி. மின்சாரம், குடிநீர், அனுமதி, குப்பைக்கிடங்கு எல்லாவற்றுக்கும் அவர்கள் அலுவலகக் கதவைத்தான் தட்டினார்கள். கதவு திறந்ததற்குக் காரணம், தட்டியவர்கள் ஒரு பட்டியலோடும் ஒரே குரலோடும் வந்தார்கள் என்பதுதான். அப்படி வர இயலாத மக்களுக்கு, சிதறிய வாடகைக் குடித்தனங்களுக்கு, ஒரு சபையிலும் சேராதவர்களுக்கு, அந்தக் கதவு தானாகத் திறந்திருக்க வேண்டும். திரும்பி வருவோம் என்பதை நிறுவும் சுமையை வெள்ளத்தில் எல்லாம் இழந்தவர் தலையில் ஏற்றிய கொள்கை தவறானது. சிலர் அந்தச் சுமையைத் தூக்கிக் காட்டினார்கள் என்பதால் அது சரியாகிவிடாது. அதே வேளையில், மக்களைத் தெருவாரியாக அறிந்த கோயிலும் சங்கமும் சந்தையும் பேரிடர்த் திட்டங்களில் பொருட்படுத்தப்பட வேண்டியவை. வெள்ளம் வருமுன் அணை கோலச் சொன்னார்கள் நம் முன்னோர். மண்ணால் கோலும் அணை அரசின் கடமை. ஒருவரை ஒருவர் எண்ணி அறிந்து வைத்திருக்கும் மனித அணையை, நல்ல காலத்திலேயே, மக்கள்தான் கோலிக்கொள்ள வேண்டும்.