‘இரும்புக்கை மாயாவி’: ஒரு படக்கதைத் தொகுப்பின் நூலுருவ வரலாறு

நாஞ்சில் நாட்டு மயிலாடி கற்சிற்பத்தாற் பெயர்பெற்ற ஊர். உளி தொடுமுன் கல்லைத் தட்டி, அதன் ஓசை கேட்டுத் தேர்வது சிற்பியர் மரபு. அவ்வூரில் அன்பர் ஒருவர் இல்லத்திலே ‘இரும்புக்கை மாயாவி’ கதைகளின் பழம்படிகள் சிலவற்றைக் காணும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. உளிக்குக் கல் எத்தகையதோ கோட்டோவியத்திற்குத் தாள் அத்தகையது என்பதை அப்படிகள் எமக்கு உணர்த்தின. அறிவியற் புனைவாகிய இப்படக்கதையின் நூலுருவ வரலாற்றை அவ்வழி நின்று ஈண்டு ஆராய்வாம்.

தோற்றம்

1962 அக்டோபரில் இங்கிலாந்திலே தொடங்கப்பெற்ற ‘வேலியண்ட்’ என்னும் சிறுவர் வார இதழில் ‘தி ஸ்டீல் கிளா’ என்னும் பெயரால் இக்கதை வெளிவந்தது. எழுதத் தொடங்கியவர் கென் பல்மர். பின்னர்த் தொடர்ந்தவர் டாம் டல்லி. ஓவியம் தீட்டியவர் ஸ்பெயின் நாட்டு ஹெசூஸ் பிளாஸ்கோ. கதைத் தலைவன் லூயிஸ் கிராண்டல் ஓர் ஆய்வுக்கூட உதவியாளன். வலக்கையை இழந்து எஃகுக்கை பூண்டவன். மின்தாக்குதல் உற்றபோது அவன் உடல் மறைகிறது. எஃகுக்கை மட்டும் மறையாது நிற்கிறது. 1897இல் எச். ஜி. வெல்ஸ் வெளியிட்ட நாவலில் வரும் காணாமனிதனின் உடல் முற்றும் மறைகிறது. ஈண்டோ ஓருறுப்பு எஞ்சுகிறது. அவ்வெச்சமே ஓவியனுக்கு வாய்த்த நல்வாய்ப்பு.

தமிழில் இக்கதை 1972இல் வந்தது. சிவகாசியில் மு. சௌந்திரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் வெளியீடே ‘இரும்புக்கை மாயாவி’ ஆகும். ‘உறைபனி மர்மம்’, ‘பாம்புத்தீவு’ முதலியன பின்னர்த் தொடர்ந்தன. ஆங்கிலச் சிறுவர் வாரந்தோறும் சில பக்கங்களாகப் படித்துக் காத்திருந்த கதையைத் தமிழ்ச் சிறுவர் ஒரே நூலாகப் பெற்றனர் என்பது கருதத்தக்கது. அங்கே தொடராகப் பிறந்தது ஈண்டுத் தொகுப்பாகவே அறிமுகமாயிற்று.

தாளின் வெண்மை

பிளாஸ்கோவின் ஓவியம் கறுப்பு மையின் ஓவியம். நிழல் வேண்டுமிடத்து மெல்லிய கோடுகள் நெருங்குகின்றன. ஒளி வேண்டுமிடத்துத் தாள் வெறுமையாய் விடப்படுகிறது. மாயாவியின் கை தனித்துத் தோன்றும் கட்டங்களில் அவனது காணா உடலாய் நிற்பது பலகால் தாளின் வெண்மையே. ஆகவே இக்கதையில் தாள் வெறும் ஏந்துபொருள் அன்று. கதையின் ஓர் உறுப்பு என்றே கூறலாம்.

யாம் கண்ட படிகள் மலிவான செய்தித்தாள் வகைத் தாளில் அச்சிடப்பட்டவை. மரத்தை அரைத்துச் செய்யும் அத்தாளில் லிக்னின் என்னும் பொருள் நீக்கப்படாது தங்கிவிடுகிறது. ஒளியும் காற்றும் பட அது பழுப்பேறுகிறது. தாளில் அமிலம் மிக, நார்கள் வலுவிழந்து ஒடிகின்றன. இருபருவ மழையும் பெறும் குமரி மாவட்டத்தின் ஈரக்காற்றில் தைப்புக்கம்பி துருவேறி, நடுமடிப்பை அரித்திருந்தது. ஒருபக்க மை மறுபக்கத்தும் ஊடுருவித் தோன்றியது. வெறுமையாய் இருக்கவேண்டிய இடத்தில் பின்பக்க உருவத்தின் சாயல் தெரிய, மறைந்த மாயாவி மறைந்தவனாகத் தோன்றவில்லை. தாளின் குறை கதையின் குறையாயிற்று.

எனினும் அத்தாளை இகழ்தல் முறையன்று. மலிவுத்தாளே மலிவு விலைக்கு ஏதுவாயிற்று. அதனாலேயே சிற்றூர்ச் சிறுவர் கைக்கும் இந்நூல்கள் எட்டின.

நல்ல தொகுப்பின் இலக்கணம்

பின்னாளில் நிலை மாறியது. 2012ஆம் ஆண்டிற்குப் பின் சிவகாசிப் படக்கதைகளில் வழவழப்புத்தாளும் முழுவண்ணமும் இடம்பெற்றன. 2018இல் ‘இரத்தப் படலம்’ வண்ணத் தொகுதிகளாய் வந்தது. இங்கிலாந்தில் ரெபெல்லியன் நிறுவனம் 2021இல் மாயாவியின் முற்பகுதிக் கதைகளைத் தொகுத்து வெளியிட்டது. இத்தகைய பதிப்புகள் பெருகுங்கால், நல்ல தொகுப்பு யாது என்னும் வினா எழுகிறது.

பளபளப்பே சிறப்பெனக் கொள்வார் உளர். வண்ண ஓவியத்திற்கு அது பொருந்தலாம். கறுப்பு வெள்ளைக் கோட்டோவியத்திற்கு வேண்டுவது மை ஊடுருவாத தடித்த, ஒளி தெறிக்காத, அமிலம் நீங்கிய தாள். தையற்கட்டு நூலை நன்கு விரியச் செய்யும். இறுகிய பசைக்கட்டோ நடுமடிப்பையொட்டிய கட்டங்களை விழுங்கிவிடும். பக்கத்தைச் சுருக்கினால் நெருங்கிய கோடுகள் ஒன்றித் திட்டாகும். உரைக்கூண்டினுள் தமிழெழுத்தும் படிக்க இயலாதபடி சிறுத்துவிடும். இவற்றையெல்லாம் நோக்குவது பதிப்பாசிரியன் கடமை.

முடிவுரை

ஏட்டுச்சுவடி சிதையுமுன் அதனைப் பெயர்த்தெழுதிக் காத்தனர் நம் முன்னோர். எழுத்தைப் பெயர்த்தெழுதலாம், அச்சுக்கோட்டை அவ்வாறு பெயர்த்தல் அரிது. இலக்கியம் அன்றென ஒதுக்கப்பட்ட இந்நூல்கள் பெரிதும் இல்லங்களிலும் பழம்பெட்டிகளிலுமே எஞ்சியுள்ளன. அவை ஒடிந்து தூளாகுமுன் நம் நூலகங்கள் அவற்றைத் திரட்டிப் படமெடுத்து, தாள், கட்டு, அளவு ஆகிய குறிப்புகளோடு அட்டவணைப்படுத்தல் வேண்டும். மயிலாடிச் சிற்பி கல்லைத் தேர்ந்தே உளி எடுக்கிறான். பதிப்பாளரும் தாளைத் தேர்ந்தே அச்சேற்றுதல் வேண்டும் என்பது எம் கருத்து.